510511-க்கு ஒரு ஜன்னல்

பழைய நாட்குறிப்பிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. எண் 510511. இன்னும் டீசல் மணந்தது. பள்ளி விட்டுச் செவிலிமேடு திரும்பும், இப்போது ஓடாத அந்த டவுன் பஸ்ஸின் பின்சீட்டில், தகரம் தடதடக்க, நானும் தோழி மல்லிகாவும் தினமும் டிக்கெட் எண்ணை வகுத்துப் பார்ப்போம். எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் வந்தவள் ஜன்னலோரத்தை விட்டுத்தர வேண்டும். அன்று அவளுடைய 510510 இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாவற்றாலும் வகுபட்டது. அடுத்த எண்ணான என்னுடையதில் ஒவ்வொரு முறையும் ஒன்று மிஞ்சியது.

"உன்னுது எதுலயும் போவாது, நகருடி!" என்றாள். பதினேழோடு நிறுத்திவிட்டு நகர்ந்தேன்.

இன்று பத்தொன்பதால் வகுத்தேன். ஈவு 26869, மீதி பூஜ்யம்! உடனே மல்லிகாவை ஃபோனில் அழைத்துச் சொன்னேன்.

"இரு, போட்டுக்கினு இருக்கேன்" என்றவள், சற்று நேரத்தில் கத்தினாள்: "போவுதுடி! அந்த பஸ் இல்லன்னா என்னா, நாளைக்கே வேற பஸ் ஏறலாம் வா, ஜன்னல் உனக்குத்தான்!"