வார்டுக்குள் போக முடியாத எனக்கு ஆண்டவர் தந்த வேலை

மஸ்கட்டில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், ஒருநாள் காலை மூச்சு விட முடியாமல் தரையில் விழுந்தேன். என் கையில் நானே கலந்துகொண்டிருந்த ஆன்டிபயாடிக் ஊசி மருந்து இருந்தது. நோயாளியைப் பிழைக்க வைக்கிற மருந்து என்னைக் கொல்லப் பார்த்தது. பக்கத்தில் இருந்த நர்ஸ் ஓடிவந்து என் தொடையில் அலர்ஜியை முறிக்கும் அவசர ஊசியைக் குத்தினார். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் உயிரோடு நின்று பேசுகிறேன்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் நன்னிலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். எங்கள் தெருவில் பார்மசி படித்த முதல் ஆள் நான். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்டாகச் சேர்ந்தேன். மருந்து எடுத்துக் கொடுப்பது மட்டும் அல்ல அந்த வேலை. டாக்டர்களோடு வார்டு வார்டாகப் போய், ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதிய மருந்து அவருக்கு ஏற்றதா, அளவு சரியா, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வேலை உயிர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. எங்கள் பகுதியிலிருந்து பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குப் போனார்கள். நானும் போனேன். என் கணவர் சாமுவேல் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்ததால் அங்கேயே தங்கினார்.

விழுவதற்குப் பல மாதம் முன்பே என் உடம்பு எச்சரித்திருந்தது. மருந்தைக் கலக்கும்போதெல்லாம் தும்மல் வரும். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடிக்கும். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பரிசோதனை செய்த டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அந்த வகை மருந்தின் தூள் காற்றில் இருக்கிற இடத்தில் கூட நான் இனி நிற்கக் கூடாது. அடுத்த முறை ஊசி போட ஆள் பக்கத்தில் இருப்பார் என்று நம்ப முடியாது.

அந்த மருந்து இல்லாத வார்டு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

ஊர் திரும்பினேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும், "எப்ப வந்தீங்க? லீவா?" என்றுதான் கேட்டார்கள். "ஆமாங்க, லீவு" என்றே சொன்னேன். வேலை போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேலை போனது மட்டும் அல்ல. நான் யார் என்பதே என்னை விட்டுப் போனதாக இருந்தது.

ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். இந்த அலர்ஜியை எடுத்துப்போடும், என்னைத் திரும்ப வார்டுக்கு அனுப்பும். சபையில் பெண்கள் கூடி எனக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தேன். சுகமாகியிருக்கும் என்ற விசுவாசத்தோடு தஞ்சாவூருக்குப் போய் மறுபடியும் பரிசோதனை செய்தேன். தோலில் மருந்து பட்ட இடம் காசு அளவுக்கு வீங்கியது. அலர்ஜி அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஜெபிப்பதை நிறுத்தினேன். கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். வீட்டில் யாரோடும் பேச்சு இல்லை.

ஒரு மாலை சாமுவேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எஸ்தர், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"திரும்ப வார்டுக்கு அனுப்புங்க, வார்டுக்கு அனுப்புங்கன்னே கேட்டுக்கிட்டு இருந்த. வேற என்ன செய்யட்டும்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேற எனக்கு என்ன தெரியும்? நீங்க ஈஸியா சொல்லிடுவீங்க. ஸ்கூலுக்குள்ள காலு வைக்கக் கூடாதுன்னு உங்களச் சொன்னா தெரியும்!"

அவர் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அந்தக் காபியைக் குடிக்கும்போதுதான் அழுகை வந்தது. அழுதபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீரே சொல்லும்." அவ்வளவுதான். அழகான ஜெபம் இல்லை. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு என் மனதிலிருந்து வந்த ஜெபம்.

அடுத்த நாளே அற்புதம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். தை பிறந்து, அறுப்பு முடிந்து, வயலில் உளுந்து முளைத்த பிறகுதான் அந்த போன் வந்தது. பூம்புகார்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. அதன் பொறுப்பில் இருந்த சிஸ்டர் அருள்மேரி பேசினார். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்தபோது அவரும் அங்கே பயிற்சிக்கு வந்திருந்தார்.

பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்குத் தவறான ஊசி போட இருந்தார்களாம். கடைசி நொடியில் நர்ஸ் ஒருவர் பார்த்துத் தடுத்துவிட்டார். இரண்டு மருந்தும் ஒரே மாதிரிக் குப்பி.

"பிரசவ வார்டையே மூடிரலாமான்னு யோசிக்கிறோம் எஸ்தர். மூடினா இந்த மீனவப் பொண்ணுங்க வலியோட அவ்வளவு தூரம் போகணும். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

"சிஸ்டர், என்னால வார்டுக்குள்ளயே வர முடியாது." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு சொன்னார்: "உள்ள நாங்க இருக்கோம்மா. நீங்க வெளியில உக்காந்து வழி சொல்லுங்க, போதும்."

போனை வைத்ததும், நான் கேட்ட கேள்விக்கு ஆண்டவர் பதில் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரித் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மருந்து வண்டியிலிருந்து இறங்குவதிலிருந்து நோயாளி உடம்பில் ஏறுவது வரை என்ன நடக்கிறது என்று கேட்டேன். முதலில் பயந்தார்கள். "யாரையும் மாட்டிவிட வரலைங்க" என்றேன். பிறகு மடை திறந்த மாதிரிப் பேசினார்கள். புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்த நேரம் அது. இந்த மாதம் ஒரு நிறத்தில் வரும் மருந்து அடுத்த மாதம் வேறு நிறத்தில் வருகிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும். அதுவோ அவசரத்துக்குக் கைக்கு எட்டட்டும் என்று வெயில் படும் ஜன்னலோரத் தட்டில் இருந்தது. வெப்பத்தில் அதன் வீரியம் குறைந்துவிடும்.

நான் வெளியிலிருந்து சொல்ல, எல்லோரும் சேர்ந்தே மாற்றினோம். ஒரே மாதிரிக் குப்பிகளைத் தனித்தனி அலமாரிக்குக் கொண்டுபோனோம். பிரசவ அறை வாசலிலேயே மருந்துக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வைத்தோம். கரண்ட் போனால் ஐஸ் பெட்டிக்கு மாற்ற இன்னார் என்று முடிவு செய்தோம். ஊசி போடும் முன் இன்னொருவர் மருந்தின் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று சொன்னது அங்கிருந்த நர்ஸ்கள்தான்.

ஐப்பசி மழையில் சிஸ்டர் மறுபடியும் போன் செய்தார். செல்வி என்ற மீனவப் பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவே இல்லை. ரோட்டில் தண்ணீர். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. கரண்டும் இல்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஊசி வேலை செய்தது. ரத்தம் நின்றது.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க எஸ்தர்" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அறையின் வாசலைக் கூட நான் மிதித்ததில்லை. ஆனாலும் ஆண்டவர் என் படிப்பை அந்த அறைக்குள் அனுப்பியிருந்தார்.

சிஸ்டர் சொல்லி மற்ற ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டன. பிறகு, ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சென்னை நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. என் உடல்நிலையை முதலிலேயே சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். இப்போது திருவாரூர், கும்பகோணம், காரைக்கால் என்று போய்வருகிறேன். எல்லா இடத்திலும் வராந்தாவிலோ அலுவலக அறையிலோதான் எனக்கு நாற்காலி.

அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. "கன்சல்டிங்னா என்னடி வேலை? ஊசியும் போடல, மாத்திரையும் குடுக்கல, சம்பளம் மட்டும் குடுக்குறாங்களா?" என்று கேட்டார்.

"மருந்து தப்பா போகாம பாத்துக்கறதும்மா."

"அப்ப முன்ன பாத்த வேலைதானே!"

ஆமாம், அம்மா சொன்னதுதான் சரி.

என் அலர்ஜி இன்னும் போகவில்லை. அவசர ஊசி எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. சுகம் கேட்டு இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் மனதில் கசப்பு இல்லை. காலையில் எழுந்ததும் இன்று எங்கே போகட்டும் ஆண்டவரே என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பழக்கமே எனக்குப் பெரிய சுகம்.

கையை விட்டுப் போன வேலையை நினைத்துக் கலங்குகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்கள் ஆசையை ஆண்டவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். கோபம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவர் தாங்குவார். கேட்டு முடித்தவுடன் எழுந்துவிடாமல், அவர் பேசவும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார். இந்த நேரத்தில் எங்கோ ஒரு பிரசவ அறையில் டியூட்டியில் நிற்கும் நர்ஸுக்காக, அவர் கையில் இருக்கும் மருந்து சரியானதாக இருக்கும்படி, இப்போது என்னோடு சேர்ந்து ஜெபிப்பீர்களா?