வெள்ளம் வந்த வீட்டில் சாம்பிராணி வாசம்

போன மழையில் புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுத்திருந்ததால் தைரியமாக இருந்தேன். மகளுக்குக் காய்ச்சல். அதனால் நிவாரண மையத்திலேயே தங்கிக்கொண்டு, தண்ணீர் வடிந்த வீட்டைப் பார்த்து வரும்படி நாத்தனாரிடம் சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் சேதத்தைப் பார்வையிடும் காப்புறுதி அதிகாரியோடு போனால், வீடு பளபளக்கிறது! ஊறிய மெத்தை, சோபா எல்லாம் குப்பை லோரியில் போய்விட்டன. சுவரில் தண்ணீர்க் கறைகூட இல்லை. சாம்பிராணி மணக்கிறது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி மேடைய சேத்துல விட முடியாது லா!" என்றார் நாத்தனார், பெருமையாக.

அதிகாரி என்னைப் பார்த்து, "வெள்ளம் எங்க வந்துச்சு, அக்கா?" என்றார்.

நடையாய் நடந்தும் பாதி இழப்பீடுகூடத் தேறவில்லை. இப்போதெல்லாம் படம் பிடித்த பிறகுதான் துடைப்பத்தைத் தொட விடுகிறேன். சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் சத்தியமாக இல்லை.