அம்மாசியைக் குணமாக்கப் பார்த்தார்கள்

ஜப்பான்காரன் காலத்தில் கல்லுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒருவர்கூடச் சாகவில்லை. கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறதல்லவா? குருண் வட்டாரம் முழுக்க மனிதர்கள் மழைக்கால ஈசலாக விழுந்துகொண்டிருந்தபோது, இந்த ஒரு தகரக் கூரைக்குக் கீழே மட்டும் சாவு எட்டிப் பார்க்கப் பயந்தது. அந்தப் பெருமையெல்லாம் டிரெசர் தர்மலிங்கத்தைத்தான் சேரும்.

வெள்ளைக்காரத் துரை இருந்தபோது சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு டாக்டர் காரில் வந்து போவார். துரை ஓடினார், டாக்டரும் ஓடினார், கார் ஜப்பான்காரனோடு போயிற்று. மிஞ்சியது டாக்டருக்குக் கையாளாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரெசர்தான். புதிதாக வந்த ஜப்பான் துரை அவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் ஆள் செத்தால் டிரெசர் சோம்பேறி என்று அர்த்தம், சோம்பேறிகளுக்குச் சயாம் ரயில் பாதையில் நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தர்மலிங்கம் சாவை நிறுத்திவிட்டார்.

எப்படி நிறுத்தினார் என்றால், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இளவட்டங்களுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுப்பார், ஓடியாடிப் பார்ப்பார். அவர்கள் வேலை செய்கிற கைகள். வயசானவர்கள் நிமோனியா என்று வந்தால் ஒரு மூலையில் போடுவார். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கிட்டே போய் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் மலர, "குணமாயிடுச்சு, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்பார். ஆஸ்பத்திரி ஆள் பிச்சையும் இன்னொருவனும் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு நடப்பார்கள். குணமானவர் வழியிலேயே போய்விடுவார். கெட்டி உடம்பாக இருந்தால் வீட்டு வாசல் வரைக்கும் தாங்குவார். அதெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கில் வராது.

தோட்டத்து ஜனங்களுக்கும் பழகிவிட்டது. இன்னார் குணமாகிவிட்டாராம் என்று காதில் விழுந்தால், பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையை உதறிச் செருகிக்கொள்வார்கள். ஆண்கள் மண்வெட்டி தேடுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லி அனுப்புவதுகூட அந்த வார்த்தையில்தான். செத்துவிட்டார் என்று சொன்னால் டிரெசருக்குக் கோபம் வரும் பாருங்கள்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பாப்பம்மா தன் புருஷனைக் கொண்டுவந்தாள்.

பாப்பம்மா களையெடுக்கிற கூட்டத்தில் இருந்தவள். சின்ன உருவம், குரல் மட்டும் பெரிது. கப்பலை விட்டு இறங்கிய காலத்தில் கங்காணி அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்தார், மாட்டேன் என்றாள். காண், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால், வெட்டுகிற அம்மாசியைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அவரிடம் என்ன கண்டாய் என்று கேட்டதற்கு, அவர் எதிர்த்துப் பேச மாட்டார் என்றாளாம். அந்த ஒரு கணிப்பு தவறிப்போனது. அம்மாசி வாயால் எதிர்த்துப் பேச மாட்டார்தான். ஆனால் சொன்னதைக் கேட்கவும் மாட்டார். இப்படியே இரண்டு பேரும் தலை நரைக்கக் குடும்பம் நடத்தினார்கள். ஒரே மகன் அழகேசன். அவனை அந்த வருஷம் பாடாங் செராய் சாலையில் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு, போனவர் திரும்பாத அந்தச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கிழவனும் கிழவியும்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு முழு அரிசி, போகாதவர்களுக்குப் பாதி என்று சட்டம் வந்திருந்தது. அரிசி என்பது பேர்தான், பாதி சுண்ணாம்பும் புழுவும். அதற்காக அம்மாசி மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காண் வெட்டினார். போகாதே என்று பாப்பம்மா சொன்னாள், அதனாலேயே போனார். குளிர் நடுக்கி எடுத்தது, விலாவில் குத்தல் வந்தது, இருமினால் இரும்புத் துரு மாதிரி சளி வந்தது.

டிரெசர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நிமோனியா என்றார். வயசென்ன என்று கேட்டார்.

"வயசெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குங்கய்யா? இந்தத் தோட்டத்துல ரப்பர் கன்னு நட்டப்பவே இவருக்கு மீசை இருந்துச்சு."

தர்மலிங்கம் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களின் பருமனைப் பார்த்தார். மூலைக் கட்டிலைக் காட்டினார்.

வைத்தியம் நடந்தது. சிவப்பாக ஒரு தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் நல்ல சிவப்பு, மறுநாள் ரோஜாப்பூ நிறம், அதற்கடுத்த நாள் அது சிவப்பு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பாப்பம்மாவும் தன் பங்குக்குச் செம்பனை எண்ணெயில் பூண்டைப் பொரித்து நெஞ்சில் தேய்த்தாள். காற்று வரட்டும் என்று டிரெசர் ஜன்னலைத் திறப்பார். குளிர் ஏறும் என்று இவள் மூடுவாள். ஜன்னல் விஷயத்தில் டிரெசர் சொன்னதுதான் சரியாம். பாப்பம்மா கடைசி வரைக்கும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாசிக்கு ஏற ஏறக் காய்ச்சல். உதடு நீலம் பாரித்தது. மூச்சு நாய் ஓடி வந்து நிற்பதுபோல் இரைத்தது. அப்போது பார்த்து, மேலிடத்து ஜப்பான் அதிகாரிகள் இன்னும் சில நாளில் ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. தர்மலிங்கம் தரையைக் கழுவச் சொன்னார், கொசுவலையைத் துவைக்கச் சொன்னார், மூலைக் கட்டிலுக்கு வந்து குழாயை வைத்தார். முகம் மலர்ந்தது.

"நல்லா குணமாகி வர்றாரு. நாளைக்குக் காலையில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்.

பாப்பம்மா ஜன்னலை இழுத்து மூடினாள். அந்த வார்த்தை எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை குணமான வீடுகளில் மாரடித்திருக்கிறாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இந்த மூச்சோடு இவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் லயம் போய்ச் சேராது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகனையும் கொண்டுபோயாகிவிட்டது. இவரையும் விட்டால் வீட்டில் அடுப்புக்கும் அவளுக்கும்தான் பேச்சு.

இதற்கிடையில் பிச்சை ஒரு புண்ணியம் கட்டிக்கொண்டான். பக்கத்துத் தோட்டத்தில் அம்மாசியின் தங்கை செல்லாயி இருந்தாள். கூடப் பிறந்தவள் முகம் பார்க்கட்டும் என்று, அந்தப் பக்கம் போன மாட்டுவண்டிக்காரனிடம், அம்மாசி நாளைக் காலையில் குணமாவார் என்று சொல்லி அனுப்பிவிட்டான். நல்ல மனசுக்காரன்.

மறுநாள் காலை ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருக்க, செல்லாயி ஒப்பாரியோடு வந்தாள். அண்ணன் தனக்கு வாங்கித் தந்த வளையல், வாங்கித் தராத சேலை எல்லாம் அதில் வந்தன. கட்டிலில் விழுந்து கட்டிப் பிடித்தாள். அம்மாசி மெல்லக் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தார்.

"யாரு செத்தது?" என்று கேட்டார்.

செல்லாயி ஒப்பாரியை நிறுத்தினாள். அப்புறம் வந்தது கோபம். விடியாத நேரத்தில் மழையில் நடந்து வந்தவள் அவள். "என்னய்யா டிரெசரு, குணமாயிட்டாருன்னு சொல்லி அனுப்பிட்டு, இன்னும் உசுரோட வச்சிருக்கீங்க?"

தர்மலிங்கத்தின் முகம் கறுத்தது. தன் வார்த்தைக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று அதுவரைக்கும் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பிச்சையைப் பார்த்துத் தூக்கு என்றார்.

பாப்பம்மா எழுந்தாள். சீலை முந்தானையை இடுப்பில் சுற்றி மிச்சத்தைக் கட்டில் காலில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"குணமான ஆளை எதுக்குய்யா தூக்கணும்? நடந்து வரட்டும்."

"அவரால நடக்க முடியாதும்மா. பலவீனம்."

"சரி, தூக்குங்க. லயத்துக்கு வேண்டாம், பெரட்டுக்குத் தூக்குங்க." பெரட்டு என்றால் விடியற்காலையில் துரை முன்னால் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். "குணமான ஆளு வேலைக்கு வந்திருக்காருன்னு தொரைகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் முழு அரிசி வாங்கிக்கிறேன். இது எங்க டிரெசர் ஐயா குணமாக்குன ஆளு, நல்லாப் பாருங்க தொரைன்னு நானும் கும்பிட்டுச் சொல்றேன்."

அவள் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை. பிடிவாதத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் தர்மலிங்கத்துக்கு அந்தக் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. துரை வந்து நிற்கிறார். தரையில் நீல உதட்டோடு ஒருவர் கிடக்கிறார். அவர் குணமானவர் என்று ஒரு பெண்பிள்ளை விளக்கம் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் செத்தாலும் வம்பு, வெளியே கொண்டுபோனாலும் வம்பு. மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். கடைசியில், மூலைக் கட்டில் விஷயத்தில் வெகுகாலமாக யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. வைத்தியம் பார்ப்பது.

தன் அறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து பெரிய வெள்ளை மாத்திரைகள். நிமோனியாவுக்கென்றே வெள்ளைக்காரன் கொண்டுவந்த மாத்திரை; ஜப்பான்காரன் வந்தபின் எங்கும் கிடைக்காதது. அத்தனை பெரியவர்கள் குணமாகிப் போனபோதும் அது அந்த டின்னில்தான் இருந்தது.

"எனக்குன்னு வச்சிருந்தேன். எனக்கும் நெஞ்சு சரியில்ல" என்றார். அதுவும் பொய்யில்லை, அவருக்கும் நெஞ்சு இருந்தது, அதில் சளியும் இருந்தது, பயமும் இருந்தது.

பாப்பம்மா டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். வேறு என்னவோ வந்தது.

"கொடுங்கய்யா. உங்களுக்கு நிமோனியா வந்தா நான் வந்து கட்டிலைப் புடிச்சுக்கிறேன்."

மாத்திரையை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். அம்மாசி அதை அப்படியே டிரெசரின் வெள்ளைக் கால்சட்டைமேல் வாந்தி எடுத்தார். விஷம் என்று செல்லாயி கத்தினாள். அந்த மாத்திரை அப்படித்தான் குமட்டும், விடாமல் கொடுக்கவேண்டும் என்றார் டிரெசர். மறுபடியும் கொடுத்தார்கள். அம்மாசி பல்லைக் கடித்துக்கொண்டார். பாப்பம்மா மூக்கைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை அவர் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் மூச்சு விட வேறு வழி இல்லாமல்.

டிரெசர் கணக்காக நேரத்துக்கு நேரம் வந்து கொடுத்தார். அதையும் சொல்லவேண்டும். அவர் கைப்பக்குவம் நல்ல கைப்பக்குவம்தான். வயசாளிகள் விஷயத்தில் அதற்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் அம்மாசிக்கு வேர்த்துக் கொட்டியது. பாய் நனைந்தது, மெத்தை நனைந்தது. காய்ச்சல் விட்டது. தூங்கினார்.

உடனே பங்கு பிரிக்க ஆரம்பித்தார்கள். தன் ஒப்பாரிக்குத்தான் எமன் மிரண்டு ஓடினான் என்றாள் செல்லாயி. பூண்டு எண்ணெய் என்றாள் பாப்பம்மா. சிவப்புத் தண்ணீரும் காரணம் என்றார் டிரெசர். மாத்திரைக்கு வாய் இல்லை.

இனிமேல்தான் கூத்து. குணமான வயசாளி ஒருவர் நிஜமாகவே மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறார் என்பதில் தர்மலிங்கத்துக்கே ஆச்சரியம். அதிகாரிகளுக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? மூலைக் கட்டிலிலிருந்து அம்மாசியை நடுக் கட்டிலுக்கு மாற்றினார். புதுக் கம்பளி வந்தது. கஞ்சியில் மீன் துண்டு மிதந்தது. முகச்சவரம்கூடச் செய்துவிட்டார்கள். அம்மாசிக்கு இந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது.

பாப்பம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சயாமுக்கு ஆள் குறையக் குறைய ஜப்பான்காரன் கண்ணுக்கு நரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. போன மாதம்தான் மாட்டுக் கொட்டகைக் கிழவரை லாரியில் ஏற்றினார்கள். டிரெசர் அதிகாரிகள் முன்னால் நிறுத்தி, பாருங்கள், எவ்வளவு திடமாக இருக்கிறார் என்று சொன்னால், அவர்கள் சும்மாவா போவார்கள்?

அதிகாரிகள் வருகிற அன்று காலையில் அம்மாசியை எழுப்பி உட்காரவைத்து, போகலாம் வாருங்கள் என்றாள். தர்மலிங்கம் ஓடி வந்தார்.

"இன்னும் குணமாகலம்மா. நெஞ்சுல சத்தம் இருக்கு. ஒரு வாரமாவது இருக்கட்டும். ஒரு நாளாவது."

"இல்லைங்கய்யா, நல்லா ஆயிடுச்சு."

"டிரெசர் நானா, நீயா?"

"நீங்கதான். அதான் கூட்டிட்டுப் போறேன்."

பிச்சை ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அம்மாசியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கஞ்சிப் பானைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வழியில் நின்று நின்று போனார்கள். ரப்பர் வரிசைக்கு ஒரு மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார். தூரத்தில் கார் சத்தம் கேட்டது. அவரை ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்து உட்காரவைத்துவிட்டு, பாப்பம்மா முன்னால் குனிந்து களை பிடுங்கினாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. அவள் அதற்குமேல் சத்தமாக இருமினாள். கார் போயிற்று. அதிகாரிகளிடம் தர்மலிங்கம் காலிக் கட்டிலைக் காட்டி என்ன சொன்னாரோ தெரியாது. அவரைச் சயாமுக்கு அனுப்பவில்லை.

லயத்துக்கு வந்தால் வீட்டில் பாய் இல்லை. அம்மாசியின் தட்டு இல்லை, மண்வெட்டி இல்லை, நல்ல வேட்டி இல்லை. அவர் குணமாகிவிட்டார் என்று கேள்விப்பட்ட அக்கம்பக்கத்தார்தான், ரொம்ப வருத்தத்தோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பாப்பம்மா அவரை வாசல் படியில் உட்காரவைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவன் உள்ளே போய்ச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். தட்டில் ஒரு வீட்டுப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கழுவி எடுத்து வந்தாள்.

மரவள்ளிக் கிழங்கை அவித்து அந்தத் தட்டில் வைத்தாள். அம்மாசி அதைப் புரட்டிப் பார்த்தார். மீன் இல்லையா என்றார்.

பாப்பம்மா ஆரம்பித்தாள். மழையில் காண் வெட்டப் போனதிலிருந்து தொடங்கி, கப்பல் இறங்கிய நாள் வரைக்கும் பின்னாலேயே போய்த் திட்டினாள். அவர் ஒவ்வொரு துண்டாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் கேட்டது. போதும் அக்கா என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.