குறுக்குக் காற்றில் வந்த அம்பு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாறசாலைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் என் கொழுந்தன் ரப்பர் கவட்டையில் அம்பு பூட்டி, எனக்குச் சற்றுத் தள்ளி கரையோரம் கிடந்த வரால் மீனைக் குறிபார்த்தான். குத்தின மீனை இழுக்க அம்பின் வாலில் நைலான் நூல் கட்டியிருப்பார்கள். அதை நிறைய அவிழ்த்துத் தளர விட்டிருந்தான். குறுக்கே அடித்த காற்றில் அந்த நூல் என் பக்கமாக வளைந்து பறந்தது.

"எலே, காத்து குறுக்க அடிக்கு. நூலு எம்பக்கம் பறக்குது பாரு. நான் தள்ளி மாறினப்புறம் விடு," என்று கத்தினேன்.

"காத்துக்கு ஆடுறது இலையாக்கும், மைனி. அம்பு நேராத்தான் போவும்."

சிரித்துக்கொண்டே விட்டான். காற்று நூலை இழுக்க, நூல் அம்பை இழுத்தது. அது என் முன்கையைக் கிழித்துக்கொண்டு கல்லில் போய் விழுந்தது. ஓடி வந்தவன் அம்பைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தான்.

"முனை வளைஞ்சு போச்சே!"

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டே, எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவன் மலையாளத்தில் முந்திக்கொண்டான்: "காற்றாணு, டாக்டரே." பக்கத்தில் நின்ற என் கணவர் அதற்குத் தலையாட்டினார். அம்பு பட்டபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"காத்து காலையில இருந்தே அடிக்குது. அம்பை விட்டது இவனாக்கும்," என்றேன்.

காயம் ஆறிவிட்டது. வீட்டில் இன்றும் அதைக் காற்றால் வந்த தழும்பு என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அவன் பெயரைச் சொல்லித் திருத்துகிறேன்.