எழுபத்தொரு பேரில் முப்பத்துநாலு

தமயந்தி யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பத்து வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள். ஓக்லாந்து நகரத்து ஒடாஹுஹுவுக்கு வந்த பிறகு பகலில் ஒரு சரக்குக் கம்பனிக்காகத் தட்டினாள். பின்னேரங்களில் வீட்டில் இருந்து ஊர்ச் சனத்துக்காகத் தட்டினாள். அந்த விரல்களின் வேகத்துக்கு நாவூறு கழிக்க வேண்டும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டால், அங்கே சொல்லி முடிக்க இங்கே தட்டி முடிந்திருக்கும். "கடதாசியில எழுதிப்போட்டுப் பிறகு பாத்துத் தட்டுறது சோம்பேறியளின்ர வேலை" என்று வாய் வேறு. அந்த வாய்தான் அவளைக் கெடுத்தது.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டது. யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஓக்லாந்தில் இருந்த இருபத்தெட்டுக் குடும்பங்கள் தேடிய ஆட்களின் பெயரையெல்லாம் தமயந்தி ஒரு கோப்பில் போட்டாள். எழுபத்தொரு பெயர். பக்கத்தில் ‘இருக்கும் இடம்’ என்று ஒரு கட்டம், எழுபத்தொன்றுக்கும் வெறுமை. அச்சடித்த பிரதி ஒன்று கொழும்பு வழியாக, சனம் போய் ஒதுங்கிய வன்னிக்குள் போய்வரும் மகேசன் என்ற லொறிச் சாரதியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கணினி அரதப் பழசு. பக்குரங்காவில் இருந்த மதுரைக்காரன் ரவிசங்கர், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், அவளுக்கென்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். பிளாப்பியைப் போட்டு ஒரு விசையை அழுத்தினால் போதும். கடைசியாகப் பிரதி எடுத்த தேதிக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் தேடிப் பிடித்துப் பிளாப்பியில் எழுதும், மாறாததைத் தொடாது. சனிக்கிழமைகளில் தமயந்தி இதைத் தவறவிட்டதே இல்லை.

தொண்ணூற்றாறின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வவுனியாவிலிருந்து மகேசன் கூப்பிட்டான்.

"அக்கா, முப்பத்துநாலு பேரைக் கண்டுபிடிச்சிட்டன். எல்லாரும் உயிரோட இருக்கினம். கெதியா எழுதுங்கோ, போனுக்கு எனக்குப் பின்னால ஆக்கள் நிக்கினம்."

அவன் வாசிக்க வாசிக்க இவள் நிரப்பினாள். கோயில், பள்ளிக்கூடம், மரத்தடி, யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டில். முடிந்ததும் அவன் மறுபடி போன் இல்லாத வன்னிக்குள் போய்விட்டான். அடுத்தமுறை எப்போது வெளியே வருவான் என்று அவனுக்கே தெரியாது.

முக்கியமான விஷயமாயிற்றே என்று அன்றைக்கே பிளாப்பியைப் போட்டு விசையை அழுத்தினாள். ‘எல்லாம் பத்திரம்’ என்று இங்கிலீசில் வந்தது. பிறகு பட்டியலின் மேலிருந்து ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் குழறி அழுதார்கள், கடவுளைக் கூப்பிட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆறு வீட்டோடு தொண்டை கட்டிவிட்டது. மிச்சத்தை நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலையால் வந்து கணினியைப் போட்டால், உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், டிஸ்க் செத்துப்போயிற்று.

தமயந்தி பதறவில்லை. ரவிசங்கர் தன் கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சிரித்துக் கதைத்தாள். பிளாப்பியைப் போட்டான். பட்டியல் திறந்தது.

எழுபத்தொரு பெயர். எழுபத்தொன்றுக்கும் கட்டம் வெறுமை.

"இதில்லை தம்பி, இது சனிக்கிழமையான். நேற்றையானை எடும்."

"இதுதாங்க்கா இருக்கு." கோப்பின் தேதியைப் பார்த்தவன் நிமிர்ந்தான். "அக்கா, நேத்து மெஷினை ஆன் பண்ணும்போது தேதி கேட்டிருக்குமே, என்ன கொடுத்தீங்க?"

அந்தப் பழைய இயந்திரத்துக்குப் பற்றரி போய் வருடக்கணக்கு. ஒவ்வொரு முறையும் தேதி கேட்கும்.

"வெள்ளிக்கிழமை எண்டு குடுத்தனான்."

"நேத்து ஞாயிறுக்கா!"

"நேற்று அட்டமி தம்பி. அட்டமி நவமியில நான் ஒண்டும் தொடங்கிறேல்லை. அப்பிடி நாளில எப்பவும் முந்தின வெள்ளிக்கிழமையைத்தான் குடுக்கிறனான்."

ஐயோ கடவுளே! நாள் பார்த்தவள் மெஷினையும் நாள் பார்க்க வைத்திருக்கிறாள்! வெள்ளிக்கிழமை என்று பொறித்த கோப்பை, சனிக்கிழமை பிரதி எடுத்த புரோகிராம் பழசு என்று தள்ளிவிட்டது. ரவிசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என் தப்பும் இருக்குக்கா. ஃபைல்ல எழுதினா அது மேலயே ‘மாறியிருக்கு’ன்னு ஒரு குறி விழும். அதைப் பார்க்காம தேதியை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

ஆறு வீட்டுக்குச் சொன்னது நினைவிருந்தது. மற்றது? கண்ணை மூடி யோசித்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டு யோசித்தாள். தட்டும்போது கைதான் கேட்கும், மனம் கேட்காது. வேகமாகத் தட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாட்டுக்கொட்டில் நினைவு வந்தது. அதில் யார் இருந்தார்கள் என்பது வரவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவள் வினை இருபத்திரண்டு வீட்டைச் சுட்டது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. ரவிசங்கரும் அதைத்தான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். "அப்ப நான் மனிசியோ?" என்று அவனை ஏசிவிட்டுப் போனை எடுத்தாள்.

முதலில் பாபகூராவில் குணரத்தினம். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. மனைவியையும் நாலு வயது மகளையும் தேடி, ஒருநாள் விட்டு ஒருநாள் அவளுக்குப் போன் எடுப்பவர்.

"அண்ணை, ஒரு பட்டியல் வந்தது. முப்பத்துநாலு பேர் உயிரோட இருக்கினம். உங்கட மனிசியும் பிள்ளையும் அதில இருந்தவையோ எண்டு எனக்குத் தெரியாது. நான் துலைச்சுப்போட்டன், அண்ணை."

ஏசுவார், ஏசட்டும் என்று காத்திருந்தாள்.

"பிள்ளை," என்றார் கடைசியில், "அவையின்ர பேருக்கு நேர தட்டேக்குள்ள உனக்கு என்ர நினைவு வந்திருக்கும் எல்லே? வரேல்லையோ?"

வந்தது என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் அடக்கிக்கொண்டாள்.

"இல்லை அண்ணை. எனக்கு ஒருத்தற்ர நினைவும் வரேல்லை."

"ஒருத்தற்ரயுமோ?"

"ஓம் அண்ணை, ஒருத்தற்ரயும்."

"அப்ப அவையும் இருந்திருக்கலாம்," என்றார் குணரத்தினம்.