வலது பக்கத்து ஷாஃப்ட்

கார் வாங்கிய நாலாவது மாதம், அது திரும்பும்போதெல்லாம் சத்தம் போட ஆரம்பித்தது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் மட்டும் முன்சக்கரத்துக்கு உள்ளிருந்து டக், டக், டக் என்று யாரோ விரலைச் சொடுக்குவது போல ஒரு சத்தம். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிவிட்டு விற்ற வெள்ளைச் சின்னக் கார் அது. நாங்கள் மூன்றாவது ஆள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கல்லூரியில் இயற்பியல் பாடம், எனக்குப் பெண்கள் பள்ளியில் வரலாறு. வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால், நான் அதை என்றோ நடந்து முடிந்த சம்பவமாகப் பார்ப்பேன். அவர் அதை இனிமேல்தான் தொடங்கப்போகும் சோதனையாகப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த ஒரே தகராறு அதுதான்.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு டவுணுக்குப் போனார். ரத வீதிகளில் ஒவ்வொரு மூலையிலும் வலது பக்கம் திரும்பவேண்டும், அதனால் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்றார். நெல்லையப்பர் கோயிலை மூன்று தடவை சுற்றினோம். துணிக்கடைகளின் வாசலில் நின்றவர்கள் இரண்டாவது சுற்றில் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். மூன்றாவது சுற்றில் ஒருவர் கையே காட்டினார்.

"கேக்கா?" என்று என் கணவர் மூலைக்கு மூலை கேட்டார்.

"நல்லாவே கேக்கு. சாமியைச் சுத்துன புண்ணியமாவது மிச்சம்" என்றேன்.

மேலப்பாளையத்தில் பாய் ஒருவர் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மறுநாள் அவரிடம் காட்டினோம். அவர் காருக்கு அடியில் தலையை விட்டார், இடது சக்கரத்தைக் கையால் ஆட்டினார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"டிரைவ் ஷாஃப்ட் சார். ரப்பர் கிழிஞ்சு, கிரீஸ் எல்லாம் வெளியே போயி, மண்ணு உள்ள போயிருக்கு. மூட்டு எப்பவோ மவுத்தாயிட்டு." செத்துப்போய்விட்டது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார், ஒரு உறவினரைப் பற்றிச் சொல்வது போல. "பேசாம புதுசு மாத்திருங்க. ரிப்பேருங்கிற பேச்சே வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாய் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் எனக்கு ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினார். என்ஜின் சுற்றுவதை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டுதான் ஷாஃப்ட். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு. மூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்துவைக்க வளையல் மாதிரி ஒரு கூடு. இடது பக்கத்து மூட்டில் குண்டுகள் ஓடுகிற பள்ளங்கள் தேய்ந்ததால்தான், பாரம் அந்தப் பக்கம் சாயும் வலது திருப்பத்தில் சத்தம்.

"ஆனா, கார் எப்பவும் முன்னாலதான போவுது?" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "அப்ப பள்ளத்துல ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கும். இடது பக்கத்து மூட்டைக் கழட்டி வலது பக்கம் போட்டா, அது எதிர்த்திசையில சுத்தும், குண்டு தேயாத பக்கத்துல போய் உக்காரும். புதுசு எதுக்கு?"

காலர் நைந்த சட்டையைப் பிரித்து, மறுபக்கம் திருப்பித் தைப்பது போல என்று எனக்குப் புரிந்தது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. அந்தச் சட்டையை எத்தனை நாள் போட முடியும் என்று மட்டும் கேட்டேன். அவருக்கு அது காதில் விழவில்லை.

என் அண்ணன் தூத்துக்குடியில் துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாப்ளைகிட்ட சொல்லு, நாங்க கப்பல் மெஷினுக்கே தேஞ்ச மூட்டைத் தூரப் போட்டுருவோம்" என்றான். நான் சொன்னேன். "கப்பல் தண்ணியில ஓடுது, இது ரோட்டுல ஓடுது" என்று பதில் வந்தது. அதில் என்ன நியாயம் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. முதல் எதிரி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு. நான் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் ஸ்பேனரின் கைப்பிடியில் பழைய அடிபம்புக் குழாய் ஒன்றை மாட்டி, குழாயின் நுனியில் ஏறி நின்றார். நட்டு அசையவில்லை. லேசாகக் குதித்தார்.

"பைய குதிங்க" என்றேன்.

"பையக் குதிச்சா இது வராது" என்று சொல்லி, ஓங்கிக் குதித்தார். நட்டு கழன்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆளைக் காணவில்லை. செம்பருத்திச் செடிக்குள் கிடந்தார். "வந்துட்டு!" என்ற குரல் மட்டும் இலைகளுக்கு நடுவிலிருந்து கேட்டது.

அதன்பிறகு ஷாஃப்டை உருவினார். கியர் ஆயிலை முதலில் வடிக்கவேண்டும் என்பது உருவிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கறுப்பாக ஆயில் கொட்ட, "ஏதாவது பாத்திரம், சீக்கிரம்!" என்று கத்தினார். அரிசி களைகிற பேசின்தான் என் கையில் கிடைத்தது. அன்று முதல் அந்தப் பேசின் அவருடைய சொத்தாகிவிட்டது.

குண்டுகளை ரேஷன் மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளில் வரிசையாக வைத்தார். ஆறு இருந்தது, அவர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது ஐந்தானது. முற்றம் முழுக்கத் தவழ்ந்தோம். கடைசியில் ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, அதை நூலில் கட்டி சாக்கடைக்குள் இறக்கினார். முதலில் என் கொண்டை ஊசிகள் இரண்டு வந்தன. அப்புறம் ஒரு ஆணி. அதற்கும் பிறகு குண்டு வந்தது. ஊசிகளைத் திருப்பித் தந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும்.

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. மூட்டுகளை இடம் மாற்றி, புது ரப்பரும் கிரீஸும் போட்டு முடித்தார். நியாயமாகச் சொல்லவேண்டும், சத்தம் நின்றேவிட்டது.

அந்த வாரம் திசையன்விளையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காரில் போனோம். நாங்குநேரி தாண்டியதும் செம்மண் காட்டில் எங்கெல்லாம் வழி பிரிகிறதோ அங்கெல்லாம் தேவையே இல்லாமல் திரும்பினார்.

"ஏதாவது கேக்கா?"

"இல்ல."

"அதான்!"

கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்த கையோடு என் அண்ணனை முன்சீட்டில் உட்காரவைத்து, பக்கத்து மைதானத்தில் வட்டமடித்தார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டே ஏழெட்டுச் சுற்று போனான். இறங்கும்போது அவனுக்குச் சாப்பாடு தொண்டை வரை வந்திருந்தது.

"சத்தம் இல்லதான் மாப்ளே" என்றான். "ஆனா இவ்வளவு நாளா கத்திக்கிட்டு கிடந்தது திடீர்னு வாயை மூடிட்டுன்னா, எனக்கு அதுதான் பயமா இருக்கு."

"தோத்துட்டோம்னு சொல்லுங்க மச்சான்" என்று இவர் சிரித்தார்.

பள்ளிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனது நான்தான். ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜங்‌ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது வண்டி லேசாக வெடவெடப்பது போல எனக்குத் தோன்றியது. மறுநாளும் அப்படியே. அவரிடம் சொன்னேன்.

"ரோடு சரியில்ல" என்றார்.

"பாலத்துல மட்டுமா சரியில்ல?"

"கிளட்சை நீ சரியா விடலை."

மூன்றாவது தடவை சொன்னபோது அவரே ஓட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து வெடவெடப்பு வரவில்லை. பல்வலிக்காரனுக்கு டாக்டரைப் பார்த்ததும் வலி போய்விடுவது போல. "பாத்தியா?" என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பயம் போகவில்லை. பாலத்தில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் மடிப்பெல்லாம் வலிக்கும்.

அந்த ஏப்ரலில் அவர் விடைத்தாள் திருத்த ஒரு வாரம் மதுரைக்குப் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாளே நான் காரை மேலப்பாளையத்துக்கு ஓட்டினேன். பாய் என்னோடு ஒரு சுற்று வந்தார்.

"சார் வேலையில நான் குறை சொல்ல மாட்டேன் டீச்சர், சுத்தமாத்தான் செஞ்சிருக்காவ. ஆனா வலது பக்கம் உள்ளே என்னமோ விட்டுப்போயிருக்கு. பிரிச்சாத்தான் தெரியும். பிரிக்கிற நேரத்துல புதுசையே போட்டுரலாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "சாருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரிய வேண்டாம்" என்றேன்.

புது ஷாஃப்டை அண்ணன் தூத்துக்குடியில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து கொடுத்தான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏட்டி, மாப்ளைக்குத் தெரிஞ்சா என்ன செய்வே?" என்றான். அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. பழைய ஷாஃப்டைப் பாய் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். ரிப்பேர் பார்க்கிறேன் என்று என் கணவர் சேர்த்துவைத்திருந்த மிக்ஸிகளுக்குப் பின்னால் அதை வைத்தேன். வீட்டிலேயே அவர் கை போகாத இடம் அது ஒன்றுதான்.

அவர் மதுரையிலிருந்து வந்து காரை ஓட்டிப் பார்த்தார். பாலத்தில் வண்டி தண்ணீர் போல ஏறியது.

"போகப் போக நல்லா செட் ஆயிட்டு, கவனிச்சியா?" என்றார்.

"கவனிச்சேன்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் ஷாஃப்ட் கதைதான். வகுப்பில்கூட உராய்வு பாடத்துக்கு அதையே உதாரணமாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் வரும்போதெல்லாம், "எத்தனை மாசமாச்சு மாப்ளே?" என்று வேண்டுமென்றே எடுத்துக்கொடுப்பான். அவர் விரல்விட்டுச் சொல்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், அவருடைய கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய காரிலும் அதே சத்தம். மெக்கானிக் புதுசு மாற்றச் சொல்லிவிட்டானாம்.

"மாத்தவே கூடாது" என்றார் என் கணவர். "என் கார் ஓடலையா? சனிக்கிழமை கொண்டுவாங்க, நான் செஞ்சு தாரேன்."

வந்தவர் எழுந்து போகும்போது, "வர்ற மாசம் குடும்பத்தோட பாபநாசம் மலை மேல போறோம், அதுக்குள்ள சரியானா போதும்" என்றார்.  அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், என் பள்ளியில்தான் படித்தார்கள்.

வந்தவர் தெரு முனை திரும்பியதும், நான் மிக்ஸிகளை நகர்த்திச் சாக்கை இழுத்துவந்து என் கணவர் காலடியில் வைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. சாக்கைப் பிரித்து, ஷாஃப்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். பேசினில் மண்ணெண்ணெயை ஊற்றி மூட்டைப் பிரித்தார். குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் குண்டுகளைப் பிடித்துவைக்கும் அந்தக் கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கூட்டின் ஒரு ஓரத்தில், குண்டு உட்காரும் துளைகளுக்கு நடுவே, ஒரு விரிசல் ஓடி மறுபக்கம் வரை போயிருந்தது.

"அன்னைக்குக் கழுவும்போதே இங்கன ஒரு கோடு பார்த்தேன்" என்றார். "அழுக்குன்னு நினைச்சிட்டேன்." கூட்டை ஒருதடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுத்தான் நீ தினம் பாலம் ஏறினியா?" என்றார்.

நான் மண்ணெண்ணெய்ப் பேசினை ஓரமாக நகர்த்தினேன்.

"மச்சானுக்குத் தெரியும். பாய்க்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல? நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், நீ கேட்டுக்கிட்டு நின்னே."

 "மூணு தடவை சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர் கையில் அந்த உடைந்த கூட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

"சொன்னியே. ரோடு சரியில்லன்னேன்" என்றார். லேசாகச் சிரிப்பும் வந்தது.

அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு வேதியியல்காரர் வீட்டுக்கு நடந்தே போனார். அந்தக் கூட்டையும் சட்டைப் பையில் எடுத்துப் போனார். புதுசு மாற்றச் சொல்லிவிட்டு, நடந்த முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தார் என்று அந்தக் குழந்தைகள் வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்ததிலிருந்து தெரிந்தது.

அன்று திரும்பி வந்து கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பாய் அந்த நடு நட்டை முடுக்கும்போது நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"குதிச்சாரா?"

"இல்ல. ஒரே இழுப்புதான்."

நம்பாத மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, அடிபம்புக் குழாயை எடுத்துக்கொண்டு, நட்டு சரியாக இறுகியிருக்கிறதா என்று சோதிக்கக் காரடிக்குப் போனார்.