செல்வம் கட்டிய கயிறு

கொல்லிமலையிலிருந்து நடந்தே இறங்கிக்கொண்டிருந்தேன். பஸ் வந்தும் கை காட்டவில்லை. செல்வம் கட்டிய கயிறுதான் கண்ணுக்குள் நின்றது.

எனக்குப் பெற்றவர்கள் இல்லை. செல்வத்தின் அம்மாதான் எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் சோறு போட்டு வளர்த்தது. மிளகு பறிக்கும் காலத்தில், கொடி படர்ந்த மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியில் கணுக்கணுவாகக் கால் வைத்து அவன் ஏறுவான், அடியில் நான் பிடிப்பேன். ஒருமுறைகூட அவன் கீழே பார்த்ததில்லை. பிறகு நான் போர்வெல் லாரியில் ஊர் ஊராகச் சுற்றினேன். எப்போதாவது வருவேன், சொல்லாமல் கிளம்பிவிடுவேன்.

இந்தத் தடவை இங்கேயே தங்கிவிடலாம் என்றுதான் வந்து ஏணியைப் பிடித்தேன். பாதி ஏறியவன் குனிந்து பார்த்தான்.

"புடிச்சிருக்கியாடா?"

"புடிச்சிருக்கேன், ஏறு."

இரண்டு கணு ஏறி மறுபடி கேட்டான். பிறகு இறங்கி வந்து, ஏணியை மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"என்னடா இது?"

"நீ இல்லாதப்ப இப்படியே பழகிப்போச்சு. எனக்கும் ரெண்டு புள்ளைங்க ஆயிப்போச்சில்ல. நீ ஊட்டுக்குப் போய்ச் சோறு தின்னு, சாமி."

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு அங்கேயே தங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ஒரு கடைக்கு வெள்ளையடிப்பவர் ஏணி பிடிக்க ஆள் தேடினார். என் பேரைக்கூடக் கேட்காமல் மேலே ஏறினார், ஒருமுறையும் கீழே பார்க்கவில்லை. சாயங்காலம் வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.